வயதொவ்வாக் காதலும் அதனைக் கூறும் கதைகளும்

(கொல்லிமலை அரியூர் நாட்டில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



நம் சங்கக் கூட்டங்களில் நிலவுரிமை, வனவுரிமை, காப்பி மிளகுகளின் விலை, பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றைப் பற்றிப் பேசுவது வழக்கம். இன்று எனக்கு இடப்பட்ட பொருளோ கதைகளைப் பற்றியது. அதிலும், வயதில் மிக வேறுபட்ட இருவர் ஒருவரையொருவர் காதலிப்பதாகப் புனையப்படும் கதைகளைப் பற்றியது. "சங்கத்தார் கூடிப் பேசுவதற்கு இஃதும் ஒரு பொருளோ?" என்று முதியோர் சிலர் எண்ணக்கூடும். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். முன்னாளில் நம் மக்கள் கதையைக் கூத்துக் களத்தில் பத்துப்பேர் நடுவே இருந்து கேட்டார்கள். தகாதது ஒன்று வந்தால் பக்கத்திலிருந்த பாட்டி, "இது தகாது" என்று அப்பொழுதே சொல்லிவிடுவாள். இன்று 14 வயதுப் பெண் கைப்பேசியில் தனித்திருந்து கதை வாசிக்கிறாள்; பக்கத்தில் பாட்டி இல்லை. ஆகவே அப்பாட்டியின் வேலையைச் சங்கம் சிறிது செய்யவேண்டியிருக்கிறது.

கதை வாசிப்பதைக் கண்டிப்பது என் நோக்கமன்று. வாசிக்கும் பெண் அறிவு பெறுகிறாள். வாசிக்காத பெண்ணைவிட அவள் எவ்வகையிலும் தாழ்ந்தவளல்லள். கதையை எவ்வாறு எடைபோடுவது என்பதை மட்டும் இங்கே ஆராய்வோம்.

பண்டை இலக்கணம் கூறுவது

இப்பொருள் புதியதன்று. தொல்காப்பியர் காலத்திலேயே இது ஆராயப்பட்டது. தலைவனுக்கும் தலைவிக்கும் இருக்கவேண்டிய பொருத்தங்கள் பத்து என அவர் மெய்ப்பாட்டியலில் வகுத்தார். பிறப்பு, குடிமை, ஆண்மை என்பவற்றின் பின் நான்காவதாக ஆண்டினை, அதாவது வயதினை, வைத்தார். அன்பின் ஐந்திணைக்குப் புறம்பான பெருந்திணையைக் கூறுமிடத்து, அதன் வகை நான்கனுள் 'இளமை தீர் திறம்' என்பதையும் ஒன்றாக்கினார். இதனை உரை மரபு மூன்றாக விரித்துரைக்கும். தலைவன் முதியனாகித் தலைவி இளையளாதல் ஒன்று. தலைவி முதியளாகித் தலைவன் இளையனாதல் ஒன்று. இருவருமே இளமை கடந்தவராதல் ஒன்று.

இங்கே இரண்டு செய்திகளைக் கருதவேண்டும். முதலாவது, ஆண் மூத்திருப்பதையும் பெண் மூத்திருப்பதையும் உரை ஒரே தட்டில் வைத்தது. முதிய ஆணுக்கு ஒரு நீதி, முதிய பெண்ணுக்கு வேறொரு நீதி என்று அது கூறவில்லை. இக்காலக் கதைகள் இவ்விடத்தில் அவ்வுரைக்கும் பிற்பட்டவையே என்பதைப் பின்னர்க் காட்டுவேன். இரண்டாவது, அவ்விலக்கணத்திலேயே ஒரு சிறு வாயில் திறந்திருக்கிறது. ஒத்த தலைவனும் தலைவியுமே எதிர்ப்படுவர் என்று களவியலில் விதித்த தொல்காப்பியர், தலைவன் சற்று மிக்கவனாயினும் விலக்கில்லை என்று உடனே தளர்வும் தந்தார். அவர் திறந்தது சாளரமே. பிற்காலத்துக் கதாசிரியர்கள் அதைக் கோட்டை வாயிலாக்கிவிட்டார்கள். ஆண் எவ்வளவு மிக்கவனோ, அதாவது வயதிலும் செல்வத்திலும் அதிகாரத்திலும் எவ்வளவு மேற்பட்டவனோ, அவ்வளவுக்குக் காதல் இனிக்கும் என்பது இன்றைய கதைகளிற் பலவற்றின் சூத்திரமாகிவிட்டது.

சிலப்பதிகாரம் கோவலனுக்கு 16, கண்ணகிக்கு 12 என்று வயது கூறுகிறது. அஃது அக்காலத்து வழக்கு. இக்காலத்தில் அவ்விருவரும் குழந்தைகளே. ஆயினும் இருவரிடையே இருந்த வேற்றுமை நான்கே ஆண்டு என்பதை மனத்திற் கொள்க.

நம் மலையைப் பற்றி எழுதப்பட்ட கதை

வயதொவ்வாத மணம் பற்றிப் பேசப் புகுந்த நாம், நம் மலையைப் பற்றியே எழுதப்பட்டுள்ள ஒன்றை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. 1909-ஆம் ஆண்டில் எட்கர் தர்ஸ்டன் என்பவர் தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். அதில் மலையாளிகள் என்ற தலைப்பின்கீழ், அவருக்கு முன் இம்மலைகளைப் பற்றி எழுதிய ஒருவரின் குறிப்பு ஒன்று எடுத்தாளப்பட்டுள்ளது. கொல்லிமலையில் சிறு பையன்களுக்கு வளர்ந்த பெண்களை மணமுடிப்பார்கள் என்றும், பையன் வளரும்வரை அவன் தந்தையே கணவன் நிலையில் இருந்து வமிசத்தை வளர்ப்பான் என்றும், அப்பையன் பெரியவனாகித் தன் மகனுக்கும் அவ்வாறே செய்வான் என்றும் அது கூறுகிறது.

கேட்கக் கூசுகிறது, எனினும் நாம் அஞ்சவேண்டியதில்லை. இத்தகைய குறிப்பு நம்மைப் பற்றி மட்டும் எழுதப்படவில்லை. கொங்கு நாட்டிலும் பழனிமலைப் பக்கத்திலும் வாழும் வேறு சில குலத்தாரைப் பற்றியும் ஏறத்தாழ இவ்வாறே அந்நூல் கூறுகிறது. காரணத்தையும் அக்குறிப்புகளிலிருந்தே அறியலாம். ஒன்று, முறைப்பெண் உரிமை. முறை இருக்குமாயின் வயது பாராமல் உரிமை கொண்டாடுதல். மற்றொன்று, நிலம். ஆண் வாரிசில்லாத வீட்டுப் பெண் வேறிடத்தில் வாழ்க்கைப்பட்டால் காடும் கழனியும் கைமாறிவிடும் என்னும் அச்சம். அவ்வச்சம் பெண்ணை ஒரு சிறுவனுக்குப் பெயரளவில் கட்டி வைத்தது. ஆகவே, அங்கே வயது வேற்றுமையை உண்டாக்கியது காமமன்று, சொத்தே.

ஆனால் அக்குறிப்பில் நான் உங்கள் கவனத்திற்குக் கொணர விரும்புவது வேறு. அதில் பையன் வருகிறான், தந்தை வருகிறார், வமிசமும் புத்தென்னும் நரகமும் வருகின்றன. அந்தப் பெண் என்ன நினைத்தாள் என்பதற்கு ஒரு சொல்லும் இல்லை. மணத்தை முடித்தவர்கள் அவளைக் கேட்டதாகவும் அங்கே இல்லை. அதை எழுதிக்கொண்டுபோன துரையும் அவளைக் கேட்டதாக இல்லை. ஒருவர் வழக்கமென்று செய்தார். மற்றவர் விந்தையென்று எழுதினார். இருவர் நடுவிலும் ஊமையாய் நின்றவள் அவளே. அன்பர்களே, வயதொவ்வாக் கதைகள் யாவற்றிற்கும் திறவுகோல் இதுதான். மூத்தவருக்கு வாய் இருக்கும். இளையவருக்கோ எளியவருக்கோ வாய் இராது. கதை எவ்வளவு அழகாக இருப்பினும் இதை முதலில் பாருங்கள்.

வேதாளக் கதைகளில் வரும் புதிர் ஒன்று உங்களிற் பலருக்குத் தெரிந்திருக்கும். காட்டுவழியில் இரு பெண்களின் அடிச்சுவடுகளைத் தந்தையும் மகனும் காண்கிறார்கள். பெரிய சுவட்டுக்குரியவள் தந்தைக்கு, சிறிய சுவட்டுக்குரியவள் மகனுக்கு என்று பேசி முடிக்கிறார்கள். கண்டபின் பார்த்தால், பெரிய பாதம் மகளுடையது. சிறிய பாதம் தாயினுடையது. சொன்ன சொல் தவறாமல் தந்தை மகளையும், மகன் தாயையும் மணக்கிறார்கள். பிறக்கும் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன முறை என்பது வேதாளத்தின் வினா. விக்கிரமாதித்தன் விடையின்றி வாய்மூடி நிற்கிறான். உறவுமுறையைப் பற்றி வேதாளமும் கேட்டது, அரசனும் சிந்தித்தான். ஆனால் பாதத்தின் அளவுகொண்டு வாழ்க்கை முடிவுசெய்யப்பட்ட அவ்விரு பெண்களைப் பற்றி ஒருவரும் வினவவில்லை.

சீர்திருத்த காலத்துக் கதைகள்

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டி இந்நிலை மாறிற்று. வயதான மாப்பிள்ளையைக் கதாநாயகனாக்காமல் குற்றவாளியாக நிறுத்தும் கதைகள் பிறந்தன. அவற்றுள் தலையாயது தெலுங்கில் குரஜாட அப்பாராவ் இயற்றிய 'கன்யாசுல்கம்' என்னும் நாடகம். 1892-இல் நடிக்கப்பட்டு 1897-இல் அச்சேறியது. லுப்தாவதானி என்னும் கிழட்டுக் கருமி, சுப்பி என்னும் சிறுமியைப் பணங்கொடுத்து மணக்கத் துணிகிறான். இறுதியில் பெண்வேடமிட்ட ஒரு பையனுக்கே தாலிகட்டி ஏமாறுகிறான். சபையோர் வயிறு குலுங்கச் சிரித்த நாடகம் அது. ஆனால் அச்சிரிப்பின் பின்னே ஒரு கணக்கு நின்றது. விசாகப்பட்டினச் சீமையில் மூன்றாண்டுகளில் பணம் வாங்கிக்கொண்டு மணமுடித்துக் கொடுக்கப்பட்ட பெண்களின் பட்டியலை விஜயநகரத்து மகாராஜா எடுப்பித்தார். அதில் 1034 மணங்கள் பதிவாயின என்றும், அவற்றுள் ஐந்து வயதிலும் அதற்குக் கீழும் மணமானவர்கள் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் என்றும் ஆசிரியரே முன்னுரையில் கூறியுள்ளார்.

பெண் வீட்டார்க்குப் பரிசம் கொடுப்பது நம் மலைக்கும் பழகிய வழக்கு. பரிசம் பெண்ணுக்குச் செய்யும் மரியாதையாக நிற்கும் மட்டும் அது குறையன்று. அது விலையாகும் நாளில் கன்யாசுல்கம் நம் வீட்டிலேயே நடிக்கப்படும். இதை மறவாதிருப்போமாக.

அடுத்து இந்தியில் பிரேம்சந்த் எழுதிய 'நிர்மலா'. 1927-இல் நூலாக வந்தது. தந்தை கொலையுண்டு போக, வரதட்சிணை கொடுக்க வழியின்றி, 15 வயது நிர்மலா மனைவியை இழந்த தோத்தாராம் என்னும் வக்கீலுக்கு வாழ்க்கைப்படுகிறாள். அவருடைய மூத்த மகன் மன்சாராம் ஏறத்தாழ அவள் வயதினன். இளைய மனைவிக்குத் தாம் ஈடல்ல என்ற தாழ்வு கணவருடைய மனத்திற் சந்தேகமாகப் புளித்து, தம் மகனையே ஐயுறும்படி செய்கிறது. பையன் நோயுற்று மடிகிறான், குடும்பம் சிதைகிறது. தோத்தாராம் கொடியவரல்லர் என்பதே இக்கதையின் சிறப்பு. நல்லவரொருவர் தகாத மணம் செய்துகொண்டாலும் கேடு விளையும் என்று காட்டினார் ஆசிரியர்.

1937-இல் சாந்தாராம் எடுத்த 'துனியா ந மானே' என்னும் படம் இன்னும் ஓரடி முன்சென்றது. மாமனால் ஏமாற்றப்பட்டுக் கிழவருக்கு மணமுடிக்கப்பட்ட பெண், அவரைக் கணவராக ஏற்க முடியாதென்று அவர் வீட்டிலேயே இருந்து மறுக்கிறாள். இறுதியில் அம்முதியவரே தம் தவற்றை உணர்கிறார். ஊமையாய் நின்றவள் வாய்திறந்தாள். ஆதலால்தான் அப்படம் இன்றும் பேசப்படுகிறது.

இக்காலக் காதற்கதைகளின் மரபுகள்

இனி, இக்காலத்து இளைஞர் விரும்பி வாசிக்கும் கதைகளுக்கு வருவோம். இவற்றில் மூத்த நாயகன் மறுபடியும் அழகனாகிவிட்டான். தலை நரைக்கவில்லை, செல்வம் நிறைந்திருக்கிறது. இக்கதைகளில் திரும்பத் திரும்ப வரும் மரபுகள் சில உள. அவற்றை அறிந்துகொண்டால் கதையை வாசிக்கும்போதே அதன் கயிறு எங்கே கட்டப்பட்டிருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

முதல் மரபு, காப்பாளன் காதலனாதல். 1912-இல் ஜீன் வெப்ஸ்டர் என்னும் அமெரிக்க மாது எழுதிய 'டாடி லாங் லெக்ஸ்' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அநாதைப்பெண் ஒருத்தியைப் பெயர்கூறாத செல்வர் ஒருவர் கல்லூரியில் படிக்கவைக்கிறார். அவள் மாதந்தோறும் அவருக்குக் கடிதம் எழுதவேண்டும் என்பதே ஏற்பாடு. அவளைவிட 14 வயது மூத்த ஒருவர் இடையிடையே அவளைச் சந்தித்துப் பழகுகிறார். கடைசியில் இருவரும் ஒருவரே என்று வெளிப்படுகிறது. வாசிக்கும்போது உள்ளம் குளிர்கிறது. ஆயினும் ஒன்றை உற்று நோக்குங்கள். அவள் ஒரு விடுமுறையைத் தோழியின் குடும்பத்தாரோடு கழிக்க விரும்புகிறாள்; அங்கே தோழியின் தமையன் என்னும் இளைஞன் இருக்கிறான். போகக்கூடாது என்று காப்பாளரின் காரியதரிசியிடமிருந்து உத்தரவு வருகிறது. படிப்புக்குப் பணம் கொடுப்பவனே காதலுக்கும் போட்டியிடுகிறான். அவளோ அதை அறியாள். அவளுடைய மனத்தின் இரகசியங்கள் யாவும் கடிதங்களாக அவன் கையில். அவனுடையதோ ஒன்றும் அவளிடம் இல்லை.

இரண்டாவது, ஆசிரியன் மாணவியை வரித்தல். பெர்னாட் ஷாவின் 'பிக்மேலியன்' 1913-இல் அரங்கேறியது. தெருவில் பூ விற்ற எலிசாவுக்கு மேன்மக்கள் பேச்சைக் கற்பித்து ஒரு பேராசிரியர் அவளை உருமாற்றுகிறார். இருவருக்கும் மணம் நிகழும் என்று சபையோர் எதிர்பார்த்தார்கள். ஷாவோ அதை மறுத்து, அவள் ஃபிரெடி என்னும் இளைஞனையே மணந்தாள் என்று பின்னுரை எழுதினார். ஆக்கியவன் ஆக்கப்பட்டதைத் தன் உடைமை என்று கருதுவான். அவனோடு அவள் சமமாக வாழ இயலாது என்பது அவர் கருத்து. ஆனால் பின்வந்த படங்களும் பாட்டு நாடகமும் அவளைப் பேராசிரியரிடமே திரும்பி வரச் செய்துவிட்டன. ஆசிரியரே வேண்டாமென்று விலக்கிய முடிவை உலகம் வற்புறுத்திப் பெற்றுக்கொண்டது. இம்மரபின் வலிமைக்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

மூன்றாவது, "வயதுக்கு மீறிய அறிவுடையவள்" என்னும் வாசகம். நாயகி 16 அல்லது 17 வயதினள் என்று எழுதியவுடனே, அவள் மற்றப் பெண்களைப் போலல்லள், முப்பது வயதினரின் முதிர்ச்சி உடையவள் என்று ஆசிரியர் சேர்த்துக்கொள்வார். அன்பர்களே, இஃது அவளுக்குச் சூட்டும் புகழ்மாலையன்று. மூத்தவனுக்கு எழுதிக்கொடுக்கும் மன்னிப்புச் சீட்டு. வாழ்விலும் சிறுமியரை மயக்குவோர் இவ்வாசகத்தையே முதலிற் பயன்படுத்துகிறார்கள் என்பதைத் தாய்மார்கள் நினைவிற் கொள்க.

நான்காவது, சினமே காதல் என்பது. நாயகன் கடுகடுப்பான், அதட்டுவான், கையைப் பிடித்து இழுப்பான், எங்கே போகவேண்டும், யாரோடு பேசவேண்டும் என்று ஆணையிடுவான். முடிவில் அத்தனையும் அளவிறந்த அன்பினால் என்று ஆசிரியர் சமாதானம் கூறுவார். கதையில் இறுதி அத்தியாயம் வந்து அவனைத் திருத்திவிடும். வீட்டில் அவ்வத்தியாயம் வருவதில்லை.

ஐந்தாவது, ஊர்ப்பழி. பெற்றோர் தடுக்கிறார்கள், ஊரார் தூற்றுகிறார்கள். ஆகவே இக்காதல் தெய்விகமானது என்று வாசிப்போர் நம்பும்படி கதை செல்லும். ஊரார் தடுத்த காதல்களில் உத்தமமானவை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தடுக்கப்பட்டது என்ற ஒன்றே உத்தமத்துக்குச் சான்றாகாது.

இம்மரபுகள் யாவும் ஒருவன் வாயிலேயே சேர்ந்தால் எவ்வளவு இனிக்கும் என்பதை 1955-இல் வெளியான நபகோவின் 'லோலிடா' காட்டிற்று. 12 வயதுக் குழந்தையைக் கெடுத்த ஒருவன், தன் குற்றத்தைத் தானே காதலென்று சொல்லிக்கொண்டு போகிறான். அவன் நடை மிக அழகு. அவ்வழகில் மயங்கி அதைக் காதற்கதை என்றே கொண்டவர் பலர். ஆசிரியர் வைத்த சோதனை அதுவே: பேசுகிறவன் குரலில் மயங்கி, பேச இயலாத குழந்தையின் அழுகையைக் கேளாமல் விடுகிறோமா என்பது.

மூத்த பெண்ணின் கதை

பெண் மூத்தவளாய் இருப்பின் கதைகள் வேறு நீதி வழங்குகின்றன என்றேன். கே. பாலசந்தர் 1975-இல் எடுத்த 'அபூர்வ ராகங்கள்' வேதாளப் புதிரையே நம் காலத்துக்குக் கொணர்ந்த படம். இளைஞன் பிரசன்னா தன்னைவிட மிக மூத்த பாடகி பைரவியை விரும்புகிறான். அவளைப் பிரிந்து சென்ற மகள் ரஞ்சனியோ அவன் தந்தையை மணக்க எண்ணுகிறாள். படத்தின் துணிவு பெரிது. பைரவிக்குப் பொருள் உண்டு, கலை உண்டு, தன் வாழ்வைத் தானே தீர்மானிக்கும் நிலை உண்டு. வேதாளக் கதையின் பெண்களுக்கு இல்லாத வாய் இங்கே இருவருக்கும் இருக்கிறது. ஆயினும் முடிவில் மகள் தாயிடமும் மகன் தந்தையிடமும் திரும்ப, காதல் கலைந்துவிடுகிறது. 1985-இல் வந்த 'முதல் மரியாதை'யில், ஊர்ப் பெரியவரிடம் அன்பு கொண்ட பரிசற்காரப் பெண் குயிலும் அவரோடு சேர்ந்து வாழவில்லை. அவர் மானம் காக்கத் தன் வாழ்வைச் சிறையில் கழிக்கிறாள். முதிய ஆணுக்காக இளம்பெண் தியாகம் செய்தால் கதை அவளைப் போற்றுகிறது. இளைஞனை மூத்த பெண் விரும்பினால் கதை அவளைத் தாய்மைக்குத் திருப்பி அனுப்புகிறது. முதிய ஆணையும் முதிய பெண்ணையும் ஒரே தட்டில் வைத்த பழைய உரையின் நடுநிலை இங்கே எங்கே?

மூன்று கேள்விகள்

ஆகவே வயது வேற்றுமை உள்ள கதைகள் யாவும் தீயவை என்று தள்ளிவிடலாமோ? கூடாது. 1847-இல் ஷார்லட் பிராண்டி எழுதிய 'ஜேன் ஐர்' என்னும் நாவலைப் பாருங்கள். ரோசெஸ்டர் என்பவர் ஜேனைவிட ஏறத்தாழ 20 ஆண்டு மூத்தவர். அவள் வேலைபார்க்கும் வீட்டின் எசமானரும் அவரே. நான் சொன்ன மரபுகளிற் பல அங்கும் உண்டு. ஆனால் அவர்க்கு ஏற்கெனவே மனைவி உண்டென்று அறிந்தவுடன், அவர் எவ்வளவு கெஞ்சியும் கேளாமல் ஜேன் இரவோடிரவாக வெளியேறுகிறாள், பசியோடு அலைகிறாள், பள்ளிக்கூடத்தில் கற்பித்துத் தானே உழைத்து உண்கிறாள், பின்னர்ச் சிற்றப்பன் சொத்தும் அவளுக்குக் கிடைக்கிறது. தனக்கென வீடும் பொருளும் உடையவளாய், அவர் மனைவி இறந்தபின், கண்பார்வை இழந்த அவரைத் தானே தேடிச் சென்று தானே விரும்பி மணக்கிறாள். வயது வேற்றுமை அப்படியே இருக்கிறது. எசமானன் வேலைக்காரி என்னும் வேற்றுமையோ மறைந்துவிட்டது. அதனால்தான் அக்கதை நெஞ்சில் நிற்கிறது.

இதிலிருந்து மூன்று கேள்விகளை எடுத்துக்கொள்வோம். கதையைக் கையிலெடுக்கும் ஒவ்வொரு பெண்ணும் பையனும் கேட்கட்டும்:

இளையவர் "மாட்டேன்" என்று சொல்ல வாய் இருக்கிறதா?

சொன்னபின் போயிருக்க ஓரிடம் இருக்கிறதா?

போனபின் உண்ணத் தன் கைச்சோறு இருக்கிறதா?

மூன்றுக்கும் விடை உண்டென்றால், வயது எவ்வளவு வேறுபட்டாலும் அது காதற்கதையாகலாம். ஒன்றுக்கேனும் இல்லையென்றால், எவ்வளவு இனிமையாய் எழுதப்பட்டிருப்பினும் அது கூண்டின் கதையே. நிர்மலாவுக்கு மூன்றும் இல்லை. நம் மலையைப் பற்றிய பழங்குறிப்பில் வரும் பெயரறியாத அப்பெண்ணுக்கும் மூன்றும் இல்லை.

சங்கத்தார் செய்யத்தக்கது

கதையைச் சோதிக்கும் இக்கேள்விகளை நாம் வீட்டிலும் கேட்கக் கடமைப்பட்டவர்கள். சட்டம் படிப்படியாக இவ்வழியிலேயே வந்திருக்கிறது. 1929-இல் இயற்றப்பட்டு 1930 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த சாரதா சட்டம் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று வயது விதித்தது. 1949-இல் பெண்ணுக்கு 15 ஆயிற்று. 1978-இல் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 ஆயிற்று. 2006-ஆம் ஆண்டுச் சட்டம், சிறுவயதில் மணமுடிக்கப்பட்டவர் அம்மணத்தை நீக்கிக்கொள்ளவும் வழிசெய்தது. 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 18 வயது நிரம்பாத குழந்தையின் சம்மதம் சம்மதமாகாது. "அவளே விரும்பி வந்தாள்" என்று நீதிமன்றத்தில் சொல்லித் தப்ப இயலாது. இதை இளைஞர்களும் தெரிந்துகொள்ளவேண்டும்.

சட்டம் வாசலில் நிற்கும். வீட்டுக்குள் பார்க்கவேண்டியவர்கள் நாமே. ஆகவே மூன்று வேண்டுகோள்களை உங்கள் முன் வைக்கிறேன். ஒன்று, முறை என்று ஒருவர் உரிமை கொண்டாடி வரும்போது, பெரியோர் தம்முள் பேசி முடிப்பதற்கு முன், 18 வயது நிரம்பிய பெண்ணைத் தனியே அழைத்து அவள் கருத்தைக் கேட்பதை ஊர் வழக்காக்குவோம். நிரம்பாதவளைப் பற்றிப் பேச்சே எடுக்கவேண்டாம். இரண்டு, உண்டு உறைவிடப் பள்ளியில் படிக்கும் பெண்ணைப் பத்தாம் வகுப்போடு நிறுத்தாமல் மேலே படிக்கவைப்போம். கைச்சோறு என்றேனே, அதற்கு விதை அங்கேதான் இருக்கிறது. மூன்று, பிள்ளைகள் வாசிக்கும் கதையைப் பிடுங்கி எறியாமல், "என்ன கதை? நமக்கும் சொல்" என்று கேட்போம். சொல்லத் துணிந்த பெண் நாளை ஆபத்து வந்தாலும் நம்மிடம் சொல்வாள். திட்டப்பட்டவள் சொல்லமாட்டாள். வீட்டில் சொல்ல இயலாத நிலையில் 1098 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியிற் சொல்லலாம் என்பதையும் பிள்ளைகள் அறிந்திருக்கட்டும்.

கொல்லிப்பாவை என்று நம் மலைக்குச் சங்க காலம் முதல் ஒரு புகழ் உண்டு. புலவர்கள் அழகிய பெண்ணைக் கண்டபோதெல்லாம் அப்பாவையை உவமை கூறினார்கள். பாவை அழகானது, ஆனால் அது பேசாது. நம் பெண்மக்கள் அழகிற்கு உவமையாக நின்றது போதும். அவர்கள் கதையை அவர்களே சொல்லும் காலம் வந்துவிட்டது. அவர்கள் பேசட்டும், நாம் கேட்போம்.